நிழலிலிருந்து உருவம்: ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் மேற்கோள் வரலாறு

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாட்டின் பெரும்பகுதியை மேகம் மூடியிருக்கும். நெல் நடவு நடைபெறுவதும், ஆறுகள் கரையுடைத்து வயல்களில் பாய்வதும் அந்த மாதங்களிலேதான். சாதாரணப் புகைப்படக் கருவியைத் தாங்கிச் செல்லும் விண்கோள் அப்பொழுது மேகத்தின் மேற்புறத்தை மட்டுமே காணும். ரேடார் அலைகளோ மேகத்தையும் இருளையும் கடந்து சென்று, நிலத்தில் பட்டுத் திரும்புகின்றன. இக்காரணம் பற்றியே 2012 ஏப்ரல் 26 அன்று ரிசாட்-1 என்னும் ரேடார் விண்கோளை இந்தியா செலுத்தியது. 2022 பிப்ரவரி 14 அன்று இ.ஓ.எஸ்.-04 என்பது சென்றது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் கூட்டாக அமைத்த நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. நிசாரின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்துச் சோதித்த இடம் பெங்களூரிலுள்ள யூ. ஆர். ராவ் விண்கோள் நிலையமாகும்.

திரும்பி வரும் ரேடார் அலைகள் படமாக வருவதில்லை, எண்களாகவே வருகின்றன. அவ்வெண்களைப் படமாக்குவது கணிதம். அதற்கு முறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அதே பெங்களூரில் பணியாற்றிய ஒரு விஞ்ஞானியும் அவருடைய மாணவரும் 1971-ஆம் ஆண்டில் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரையை அடைகிறோம். அவர்கள் ரேடாரைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் அவர்களுடைய முறை மருத்துவமனைக்கும், பின்னர் ரேடாருக்கும் சென்றது. ஓர் ஆராய்ச்சியின் பயன் இவ்வாறு பரவுவதை எவ்வாறு அளப்பது? இக்காலத்தில் பெரும்பாலும் கையாளப்படும் அளவுகோல், அக்கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் எண்ணிக்கையே. அவ்வளவுகோல் எவ்வளவு தூரம் உண்மை கூறும் என்பதை இங்கு ஆராய்வோம்.

மேற்கோள் அட்டவணை

விஞ்ஞானி ஒருவர் தம் கட்டுரையின் இறுதியில், தாம் பயன்படுத்திய முந்திய கட்டுரைகளைக் குறிப்பிடுகிறார். இதுவே மேற்கோள். எந்தக் கட்டுரையை யார் யார் பின்னர் மேற்கோள் காட்டினர் என்று தலைகீழாகத் தொகுத்தால் அது மேற்கோள் அட்டவணையாகிறது. இவ்வேற்பாட்டை முதலில் கண்டவர்கள் வழக்கறிஞர்களே. ஒரு தீர்ப்பைப் பிந்திய தீர்ப்புகள் ஏற்றனவா, மறுத்தனவா என்று காட்டும் அட்டவணை அமெரிக்காவில் 1873 முதல் வெளிவந்தது. இதனை விஞ்ஞானத்துக்கும் பயன்படுத்தலாம் என்று யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் எழுதினார். 1964-இல் அவருடைய விஞ்ஞான மேற்கோள் அட்டவணை வெளியாயிற்று.

நூல் நிலையப் பணிகளைப் புள்ளியியல் முறையில் அளக்கவேண்டும் என்ற கருத்தை அதற்கு முன்னரே கூறியவர் நம் நாட்டினர். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன், 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் இத்துறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரிட்டார். 1962-இல் அவர் நிறுவிய ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் பெங்களூரிலேயே அமைந்தது.

அட்டவணையின் முதல் நோக்கம் ஒருவருக்கு மதிப்பெண் இடுவதன்று. ஒரு கருத்து எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது என்பதைத் தேடுவோருக்கு வழி காட்டுவதே அதன் நோக்கம். மேற்கோள் என்பதைப் பதக்கமாகக் கருதுவதினும் பாதையாகக் கருதுவதே பொருத்தம். பாதை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைப் பின்னால் காண்போம்.

நிழல்களிலிருந்து பொருளைக் காணுதல்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்திலிருந்து வடக்கு நோக்கி மல்லேசுவரத்தைக் கடந்து சென்றால், 1909-இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகத்தை அடையலாம். 1942-இல் மாணவராக இங்கு வந்து, ஸர் சி. வி. ராமனிடம் பௌதிகம் பயின்றவர் ஜி. என். ராமச்சந்திரன். 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று அங்கே கண்டார். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும் என்று காட்டும் படம் 1963-இல் வெளியாகி, அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. பின்னர்ப் பெங்களூருக்குத் திரும்பி, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைத்தார்.

அக்காலத்தில் அவர் மனத்தைக் கவர்ந்த பிரச்சினை ஒன்று உண்டு. எக்ஸ்-கதிர்ப் படம் என்பது ஒரு நிழல். முன்னால் உள்ள எலும்பும் பின்னால் உள்ள எலும்பும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆனால் ஒரு பொருளைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து நிழல்கள் எடுத்தால், அவற்றைக் கொண்டு பொருளின் உள்ளமைப்பை மீட்க இயலுமா? இயலும் என்று யோஹான் ராடோன் என்ற கணித நிபுணர் 1917-லேயே நிறுவியிருந்தார். செய்முறையில் அப்போது வழங்கியது ஃபூரியே மாற்றம் என்னும் வழி. அது அந்நாளைய கம்ப்யூட்டர்களுக்கு நெடுநேர வேலையாகும். 1971-இல் ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் எழுதிய கட்டுரை, ஃபூரியே மாற்றமே இன்றி, ‘கன்வலூஷன்’ எனப்படும் நேரான பெருக்கல் கூட்டல்களால் அதே விடையைப் பெறலாம் என்று காட்டியது. நேரம் மிகுதியாக மிச்சமாயிற்று. ‘நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல்’ என்று பொருள்படும் தலைப்புடன் ராமச்சந்திரன் எழுதிய மற்றொரு கட்டுரை, அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானப் பேரவையின் ஏட்டில் வந்தது.

கரும்பலகையில் ஒரு சோதனை

இம்முறையின் உட்கருத்தை ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு எளிதில் காட்டலாம். மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட ஒன்பது அறைகளை வரைக. நடு அறையில் 9 என்றும் மற்ற எட்டிலும் 0 என்றும் இடுக. இதுவே நாம் அறிய வேண்டிய பொருள். இனி அதை மறைத்துவிட்டு நிழல்களை மட்டும் எடுப்போம். வரிசைகளின் கூட்டுத்தொகை 0, 9, 0. நிரல்களின் கூட்டுத்தொகையும் 0, 9, 0. வலப்புறம் சரிந்த மூலைவாட்டுக் கோடுகள் ஐந்து; அவற்றின் தொகை 0, 0, 9, 0, 0. இடப்புறம் சரிந்த ஐந்துக்கும் அவ்வாறே.

முதலில், ஒவ்வொரு தொகையையும் அது வந்த கோட்டிலுள்ள அறைகள் யாவற்றிலும் திரும்ப எழுதிக் கூட்டுக. நடு அறையில் நான்கு ஒன்பதுகள் சேர்ந்து 36 ஆகும். ஆனால் வெறுமையாக இருக்கவேண்டிய எட்டு அறைகளிலும் 9 விழுந்திருக்கும். புள்ளி நட்சத்திரம்போல் சிதறிவிட்டது. படம் மங்கலாயிற்று.

இரண்டாவதாக, நிழல்களைத் திரும்ப எழுதுமுன் சிறிது திருத்துக. 9-க்கு இருபுறமும் உள்ள 0-க்குப் பதிலாகக் கழித்தல் 3 என்று வைத்துக்கொள்க. அப்பொழுது வரிசை, நிரல் நிழல்கள் –3, 9, –3 என்றும், மூலைவாட்டு நிழல்கள் –3, –3, 9, –3, –3 என்றும் அமையும். இவற்றைத் திரும்ப எழுதிக் கூட்டினால், நடு அறையில் 36. மூலை அறை ஒவ்வொன்றிலும் ஒரு 9-உம் மூன்று –3-உம் சேர்ந்து 0. பக்க அறைகளிலும் அவ்வாறே 0. திசைகள் நான்கு ஆதலால் 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9. மறைத்த பொருள் பிழையின்றி மீண்டுவிட்டது.

கழித்தல் 3 என்பது இச்சிறு சட்டத்துக்கு மட்டும் பொருந்தும் எண். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் கண்டது, எத்தனை அறைகளுக்கும் பொருந்தும் எண் தொடர். நடு எண்ணை 1 என்று கொண்டால், அடுத்த இடத்தில் சுமார் –0.405, இரண்டாம் இடத்தில் 0, மூன்றாம் இடத்தில் சுமார் –0.045, நான்காம் இடத்தில் மீண்டும் 0. இவ்வாறு ஒற்றைப்படை இடங்களில் மட்டும் கழித்தல் எண்கள் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். இத்தொடரைக் கொண்டு நிழலைத் திருத்துவதை வடிகட்டுதல் என்பர்.

ரேடாருக்குச் சென்ற பாதை

விமானமோ விண்கோளோ நகரும்பொழுது, பல இடங்களிலிருந்து அனுப்பிப் பெற்ற எதிரொலிகளைச் சேர்த்து, மிக நீண்ட ஒரே அலைவாங்கி பெற்றதுபோலக் கணக்கிடுவது செயற்கைத் துவார ரேடார் ஆகும். இதன் அடிப்படையை அமெரிக்காவில் கார்ல் வைலி 1951-இல் கண்டார். இதில் ஒரு வகை, அலைவாங்கியை மெல்லத் திருப்பி ஒரே நிலப்பகுதியை நெடுநேரம் நோக்குவது. ரிசாட்-1 விண்கோளுக்கும் இத்திறன் இருந்தது.

ரேடாரிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள புள்ளிகள் யாவற்றின் எதிரொலியும் ஒரே கணத்தில் வந்து சேரும். தூரம் மிகப் பெரிதாகையால், அப்புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் இருப்பவை என்று கொள்ளலாம். ஆகவே அந்தக் கணத்து எதிரொலி, அக்கோட்டின்மேல் உள்ளவற்றின் கூட்டுத்தொகையே. கரும்பலகையில் ஒரு வரிசையைக் கூட்டியது போலவே இது. ரேடார் நகர நகர, கோடுகளின் திசை மாறுகிறது. எனவே ரேடார் எடுப்பதும் நிழல்களையே! இவ்வொற்றுமையை இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மன்சன், ஓபிரையன், ஜென்கின்ஸ் ஆகியோர் 1983-இல் விளக்கினர். எக்ஸ்-கதிர்க் கருவி நோயாளியை முழுதும் சுற்றி வருகிறது. ரேடாரோ சில பாகைகள் மட்டுமே திரும்புகிறது. இருப்பினும் எதிரொலி தன் அலைநிலையையும் சுமந்து வருவதால் நுட்பமான படம் கிடைக்கிறது. 1992-இல் தேசாய், ஜென்கின்ஸ் இருவரும், கன்வலூஷன் செய்து நிழலைத் திரும்ப வீழ்த்தும் முறையையே இவ்வகை ரேடாருக்குப் பொருத்திக் காட்டினர்.

எண்ணிக்கையில் அடங்காதவை

மருத்துவத்தில் இவ்வரலாறு இன்னும் வேகமாகச் சென்றது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி படம்பிடித்தது. அக்கருவி வேறு கணக்கு முறையைக் கையாண்டது. ஆனால் பின்வந்த ஸி.டி. ஸ்கான் கருவிகள் கன்வலூஷன் வழிக்கு மாறின. 1974-இல் ஷெப், லோகன் இருவரும் வடிகட்டியை மேலும் திருத்தினர். இன்று படத்தை மீட்டமைக்கும் கம்ப்யூட்டர்த் திட்டங்களில், பயனாளர் தெரிந்தெடுக்க வேண்டிய வடிகட்டிகளின் பட்டியலில் ‘ராம்-லாக்’ என்று ஒன்று இருக்கும். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்னும் இரு பெயர்களின் சுருக்கமே அது.

இங்கே மேற்கோள் கணக்கின் முதற்குறை தெரிகிறது. ஒரு முறை பொதுச்சொத்தாகிவிட்டால், அதைப் பயன்படுத்துவோர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. நியூட்டனின் விதியைக் கையாளும் பொறியியலாளர் எவரும் நியூட்டனின் நூலை மேற்கோள் காட்டுவதில்லை அல்லவா? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர், கருத்து பரவப் பரவ அதை அளித்தவர் பெயர் மறையும் இந்நிலையை விளக்கியிருக்கிறார். பட்டியலில் ‘ராம்-லாக்’ என்பதைத் தேர்ந்தெடுப்பவர்க்கு அது இருவர் பெயர் என்பதே தெரியாதிருக்கலாம். மேற்கோள் எண்ணிக்கை அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, பாதை இல்லாமையால் நேரும் நஷ்டம். இதே கன்வலூஷன் வழியை ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிட்ல் ஆகியோர் 1967-இல் வெளியிட்டிருந்தனர். வானியல் ஏட்டில் வந்ததை உயிர்ப்பௌதிகத் துறையினர் காண வாய்ப்புக் குறைவு. இப்பிரச்சினைக்கு 1963, 1964-ஆம் ஆண்டுகளில் விடை கண்ட ஆலன் கார்மாக், தம் கட்டுரைகளுக்கு ஏறக்குறைய எவ்வித மறுமொழியும் வரவில்லை என்றும், சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த விசாரணையே குறிப்பிடத்தக்கது என்றும் பின்னர்ச் சொன்னார். ராடோன் 1917-இல் செய்ததைக் கார்மாக்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார். மேற்கோள் அற்றுக் கிடந்த அதே பணிக்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே கணக்கைப் பல துறையினர் தனித்தனியே பாடுபட்டுப் போட்டனர். கட்டுரைகளை இணைக்கும் மேற்கோள் பாதை ஒன்று இருந்திருப்பின், அவ்வுழைப்பில் ஒரு பகுதி மிச்சமாகியிருக்கும்.

முப்பது ஆண்டு காத்திருந்த கட்டுரை

மேற்கோள் வருவதற்குக் காலமும் ஆகலாம். இதற்குச் சான்றும் பெங்களூரிலேயே உண்டு. ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், ராமனின் மருமகனான எஸ். பஞ்சரத்தினம், 1956-இல் ஒளியலைகளின் குறுக்கீடு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. அலை எத்திசையில், எவ்வகையில் அதிர்கிறது என்பதை முனைவாக்கம் என்பர். வெவ்வேறு முனைவாக்கமுள்ள இரண்டு கற்றைகள் ஒத்த அலைநிலையில் உள்ளன என்று எப்பொழுது சொல்லலாம்? இரண்டும் கலந்து மிகுந்த ஒளிச்செறிவைத் தரும்பொழுது எனலாம் என்று அவர் வரையறுத்தார். அதிலிருந்து வியப்பான முடிவு ஒன்று கிடைத்தது. முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் ஒத்திருப்பினும், மூன்றாவது முதலாவதோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. முனைவாக்க நிலைகளை ஒரு கோளத்தின்மேல் புள்ளிகளாகக் குறித்தால், அம்மூன்று புள்ளிகளும் அமைக்கும் முக்கோணம் கோள மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் பாதியே அந்த வேறுபாடு.

இக்கட்டுரை வெளியானது பேரவையின் ஏட்டில். படிகங்களைப் பற்றி ஆராய்வோர் அதனை அறிந்திருந்தனர், பிறர் அறியவில்லை. 1984-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பெர்ரி குவாண்டம் சித்தாந்தத்தில் இத்தகைய வடிவியல் அலைநிலையைக் கண்டு புகழ்பெற்றார். ஒளியியலில் இதனைப் பஞ்சரத்தினம் முன்னரே கண்டுள்ளார் என்று 1986-இல் ‘கரண்ட் ஸயன்ஸ்’ ஏட்டில் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக்காட்டினர். பெர்ரி பெங்களூருக்கு வந்து செய்தியை அறிந்து, 1987-இல் தாமே கட்டுரை எழுதி முதன்மையைப் பஞ்சரத்தினத்துக்கு அளித்தார். அதன் பிறகு அப்பழைய கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தன. பஞ்சரத்தினமோ 1969-இல், 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகிவிட்டார். அவர் வாழ்ந்த காலத்து எண்ணிக்கையைக் கொண்டு அவரை மதித்திருந்தால், தீர்ப்பு எவ்வளவு தவறாக முடிந்திருக்கும்!

ரேடார் அலையும் ஒளியலையும் ஒரே இனத்தவை. நீர், பயிர், கட்டடம் ஆகியவை ரேடார் அலையின் முனைவாக்கத்தை வெவ்வேறு விதமாக மாற்றுவதைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிகின்றனர். பஞ்சரத்தினம் பயன்படுத்திய அதே கோளத்தை, ரேடார்ப் படங்களை ஆராய்வோரும் கையாளுகின்றனர்.

எண்ணிக்கையின் தக்க பயன்

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிக நிபுணர் ‘எச்’ எண் என்ற அளவை முன்வைத்தார். ஒருவர் எழுதியவற்றுள் குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்து, குறைந்தது ஆறு மேற்கோள் பெற்றவை ஆறு இல்லையெனில், அவருடைய எச் எண் 5. கணக்கிட எளிது; ஆகவே வேலை நியமனத்திலும் பதவி உயர்விலும் இது நுழைந்துவிட்டது. ஆனால் நூறு பேர் கூடி எழுதும் துறையையும், ஒருவர் தனித்து உழைக்கும் கணிதத்தையும் இவ்வெண் ஒரே தராசில் நிறுக்கிறது. தம்மைத் தாமே மேற்கோள் காட்டி எண்ணை உயர்த்திக்கொள்ளவும் இடம் தருகிறது. கட்டுரை வந்த ஏட்டின் சராசரி மேற்கோளைக் கொண்டு கட்டுரையை மதிப்பிடலாகாது என்று, 2012 டிசம்பரில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கூடிய பதிப்பாசிரியர்கள் ஓர் அறிக்கை வகுத்தனர். அது 2013-இல் வெளியாயிற்று.

ஆகவே எண்ணிக்கையை அறவே தள்ளவேண்டும் என்பதில்லை. பெரிய எண் கண்டால், அக்கட்டுரையைப் பலர் பயன்படுத்தினர் என்று அறியலாம். சிறிய எண் கண்டால், கட்டுரை பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. பாதை இன்னும் அமையவில்லை, அல்லது பயன் பொதுவில் கலந்துவிட்டது என்றும் இருக்கலாம். எது உண்மை என்பதை அறியக் கட்டுரையைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

களப்பணியாளர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ரேடார்ப் படத்தில் கருமையாகத் தெரியும் இடம் தேங்கிய வெள்ளமா, நடவுக்கு நீர் பாய்ச்சிய வயலா என்பதை நேரில் சென்று பார்த்துச் சொல்பவர் அவரே. அச்சரிபார்ப்பு இன்றி எந்தப் படமும் நம்பத்தக்கதாகாது. ஆயினும் அவ்வுழைப்பு எந்த மேற்கோள் அட்டவணையிலும் ஏறுவதில்லை. தம் குறிப்பேட்டில் நாள், இடம், பயிரின் நிலை, தகவல் தந்தவர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வைத்தால், பின்வருவோர் மூலத்தைத் தேடிச் செல்ல அதுவே பாதையாகும். ஆசிரியர்களும், ஒரு கட்டுரைக்கோ படத்துக்கோ மூலம் எது என்று எழுதும் வழக்கத்தை மாணவர்க்குப் பள்ளியிலேயே பழக்கலாம். ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று மருத்துவமனைக்கும் விண்கோளுக்கும் சென்ற வழியை நாம் இன்று அறிய முடிவது, இடையில் வந்தவர்கள் தாம் கற்றதை எங்கிருந்து கற்றோம் என்று ஒரு வரி எழுதி வைத்ததனாலேயாகும்.